துப்பாக்கி இல்லாத வீடுகளின் பொறுப்பு

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, மலாக்காவின் தெபோங், காடேக், புக்கிட் அசகான், ஜாசின் லாலாங் என்று தோட்டத்தின் பெயரைச் சொல்லியே ஊரைச் சொல்லும் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இப்படிப்பட்ட மேடையில் விடாமுயற்சியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவது எளிது. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டால் இந்த அங்கி உங்கள் தோளில் ஏறியிருக்காது. நான் பேச வந்திருப்பது பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் ஆயுதத்தைப் பற்றி. நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு என்று முன்வரிசையில் யாராவது நினைக்கலாம். 2025 அக்டோபர் 14ஆம் தேதி பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குள் பதினாறு வயது மாணவி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அதே பள்ளியில் படித்த பதினான்கு வயதுப் பையன்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அதற்குப் பிறகு, படித்து வெளியே வருகிறவர்களிடம் இதைப் பேசாமல் விடுவதுதான் எனக்கு அநாகரிகமாகப் படுகிறது.

அந்த நாளுக்குப் பிறகு நம்மவர்களின் பேச்சில் அடிக்கடி கேட்டது ஒன்று: "நல்லவேளை, நம்ம நாட்டுல துப்பாக்கி இல்ல." சரியான பேச்சுதான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. நம் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட நல்லவர்கள், நம் குடும்பங்கள் கட்டொழுங்கானவை என்று நம்மை நாமே மெச்சிக்கொள்ள அதைப் பயன்படுத்துகிறோம். ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு வரும் கோபமும், அவமானமும், வெறுப்பும் மிச்சிகனில் ஒரு மாதிரி, மெர்லிமாவில் ஒரு மாதிரி இருப்பதில்லை. வேறுபடுவது, அந்தக் கோபம் வரும் நேரத்தில் அவன் கைக்கு எட்டுவது எது என்பதுதான். ஆயுதக் கட்டுப்பாட்டையும் தனிமனிதப் பொறுப்பையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது இன்று உலகமெங்கும் வழக்கமாகிவிட்டது. என் கருத்து வேறு. கட்டுப்பாடு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதற்குப் பெயர்தான் பொறுப்பு. மலேசியாவில் நமக்கு முதலாவது கிடைத்திருக்கிறது. இரண்டாவதில் நாம் கோட்டை விட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் சான்று. 2012 டிசம்பர் 14ஆம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், சேண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் இருபது வயது இளைஞன் ஒருவன் நுழைந்து இருபது குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி அவனுடைய தாய் முறையாக வாங்கி வீட்டில் வைத்திருந்தது. முதலில் செத்ததும் அந்தத் தாய்தான். அதே தேதியில் சீனாவின் ஹெனான் மாநிலத்தில் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளியில் ஒருவன் கத்தியோடு பாய்ந்தான். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வெட்டு விழுந்தது. ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், சுங்கை ரம்பையைத் தாண்டினால் வந்துவிடும் மூவாருக்கே வருவோம். 2011 ஜூலையில் அங்கே ஒரு பாலர் பள்ளிக்குள் ஒருவன் பாராங் கத்தியும் சுத்தியலுமாகப் புகுந்து முப்பது குழந்தைகளையும் நான்கு ஆசிரியைகளையும் மணிக்கணக்கில் பிடித்து வைத்திருந்தான். போலீஸ் உள்ளே நுழைந்தபோது அவன் சுடப்பட்டான், பிறகு இறந்தான். குழந்தைகள் அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். அவன் கையில் இருந்தது தானியங்கித் துப்பாக்கியாக இருந்திருந்தால் பேசிப் பார்க்க அந்த மணிநேரங்கள் கிடைத்திருக்குமா?

"கத்தியும்தானே கொல்கிறது?" என்று கேட்பவர்களுக்கு, ஆம், கொல்கிறது. 2001இல் ஜப்பானின் ஒசாகாவில் ஒரு தொடக்கப்பள்ளியில் எட்டுக் குழந்தைகள் கத்திக்குப் பலியானார்கள். 2022 அக்டோபரில் தாய்லாந்தின் நோங் புவா லாம்பூவில் பணிநீக்கம் செய்யப்பட்ட போலீஸ்காரன் ஒருவன் 24 குழந்தைகள் உட்பட 36 பேரைக் கொன்றான். அவனிடம் கைத்துப்பாக்கி இருந்தும் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளில் பெரும்பாலோரைக் கத்தியால்தான் கொன்றான். இதை மறைத்துவிட்டு வாதாடினால் என் வாதம் நிற்காது. ஓடத் தெரியாத, தூங்குகிற குழந்தைகளிடம் கத்தியும் துப்பாக்கி செய்வதைச் செய்யும். ஓடக்கூடியவர்களும் தடுக்கக்கூடியவர்களும் இருக்கும் இடத்தில் கத்தி கைநீளத்தோடு நின்றுவிடும். துப்பாக்கிக் கட்டுப்பாடு சாவையே ஒழித்துவிடும் என்று எவரும் சொல்லவில்லை. ஒரு உயிரோடு முடிந்திருக்கக்கூடியது இருபதாகாமல் தடுக்கிறது. அந்த ஒரு உயிரின் கணக்கு மிச்சமிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. தூக்குக் கயிறு இருப்பதால்தான் துப்பாக்கி இல்லை என்பார்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. உரிமம் தருவது மாநிலப் போலீஸ் தலைவரின் கையில். 1971ஆம் ஆண்டு தண்டனை உயர்த்தும் சட்டத்தின் கீழ், கொள்ளை போன்ற குற்றங்களின்போது கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டாலே கட்டாய மரண தண்டனை என்றிருந்தது. குண்டு யார்மேலும் படாவிட்டாலும் அதே தண்டனைதான். 2023இல்தான் அந்தக் கட்டாயம் நீங்கி, முடிவு நீதிபதியிடம் வந்தது. தூக்குதான் தடுத்தது என்றால் 2013ஐ எப்படிப் புரிந்துகொள்வது? கட்டாய மரண தண்டனை முழு வீச்சில் இருந்த அந்த ஆண்டில்தான் நாட்டில் துப்பாக்கிச் சூடுகள் வரிசையாக நடந்தன. ஜூலை மாத இறுதியில் வங்கியாளர் ஹுசைன் நஜாடி கோலாலம்பூரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலிக்குச் சுடுகிறவனைத் தூக்குக் கயிறு மிரட்டவில்லை. சட்டம் உண்மையில் சாதித்தது வேறு இடத்தில்: சாதாரண வீட்டு அலமாரியில் துப்பாக்கி இல்லாமல் பார்த்துக்கொண்டது. அமெரிக்க ரகசியச் சேவையும் கல்வித்துறையும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, கால் நூற்றாண்டில் நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை அலசியது. தாக்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துப்பாக்கியை எடுத்தது தங்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான். கடத்தல்காரனைத் தேடிப்போகும் தொடர்பு பள்ளிக்கூடப் பையனுக்கு இல்லை. அப்பாவின் மேசை இழுப்பறைதான் அவனுக்குத் தெரியும்.

நம் ஆயுதச் சட்டத்தின் பிறப்பு சுத்தமானதல்ல என்பதையும் தமிழர்கள் மறக்கக்கூடாது. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை என்று ஆங்கிலேய ஆட்சி விதித்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யாரையும் சுட்டதாக வழக்கே இல்லை. நேருவின் அரசாங்கம் கேட்டும் தண்டனை குறையவில்லை. தோட்டத்துரை இடுப்பில் துப்பாக்கியோடு ஜீப்பில் போன காலத்தில், தோட்டத் தொழிலாளிக்காகப் பேசியவருக்கு அதே துப்பாக்கி தூக்குக் கயிறானது. ஆகவே, "இந்தச் சட்டம் ஆட்சியாளருக்காக எழுதப்பட்டது, அதை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?" என்று உங்களில் வரலாறு படித்தவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் பதில்: உரிமக் கட்டுப்பாட்டை வைத்துக்கொள்வோம், கயிற்றை விட்டுவிடுவோம். கட்டுப்பாடு குடிமகனின் துப்பாக்கியோடு நின்றுவிடாமல் அரசாங்கத்தின் துப்பாக்கியையும் தொட வேண்டும் என்று கேட்போம்.

அந்தக் கடைசிக் கோரிக்கை மலாக்காவுக்கு வெறும் கோட்பாடு அல்ல. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. சுமார் 40,000 உறுப்பினர்களில் 28,000க்கும் மேல் இந்தியர் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் அன்றைய உள்துறை அமைச்சர் அகமட் ஸாஹிட் ஹமிடி, இங்கே மலாக்காவில் நடந்த ஒரு கூட்டத்தில் அந்த எண்ணிக்கையைச் சொல்லி, இனி எச்சரிக்கை வேண்டாம், முதலில் சுடுவதே நல்லது என்ற பொருளில் பேசினார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2025 நவம்பர் 24ஆம் தேதி, உங்களில் சிலர் படித்த யூடெம் பல்கலைக்கழக வளாகம் இருக்கிற அதே டுரியான் துங்காலில், செம்பனைத் தோட்டம் ஒன்றில் மூன்று இந்திய இளைஞர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொள்ளையில் தொடர்புள்ளவர்கள், பாராங்கால் தாக்கினார்கள் என்றது போலீஸ். குடும்பங்கள் மறுத்தன, ஒலிப்பதிவு ஒன்றை முன்வைத்தன. டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அதைக் கொலை வழக்காக விசாரிக்கச் சொன்னது. நடந்தது என்ன என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை. இந்த மேடையின் வேலையல்ல. நான் சொல்ல வருவது, முதலில் சுடு என்ற மனநிலையும் அவகாசத்தைப் பறிப்பதுதான். விசாரிக்க, மறுக்க, திருந்த, தண்டனை அனுபவிக்க எதற்கும் அதில் இடமில்லை. பள்ளியில் சுடுகிறவனிடம் நாம் வெறுப்பது எதுவோ அதைச் சீருடைக்குள் பாராட்ட முடியாது. உங்களில் யாராவது போலீஸ் படையில் சேரப்போகிறீர்கள் என்றால், தயவுசெய்து சேருங்கள். நம்மவர்கள் அங்கே குறைவு.

இப்போது அந்த ஒரு உயிரின் கணக்குக்கு வருவோம். துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம். பாராங்குக்கு எப்படிக் கேட்பது? தோட்டத்து வீட்டில் கதவோரம் பாராங் சாய்ந்திருக்கும். செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அரிவாள் கூரைக்கடியில் செருகியிருக்கும். பால்வெட்டுக் கத்தியில் தேய்ந்த கைப்பிடி தாத்தாவுடையதாக இருக்கும். சோறு போட்ட கருவிகள் இவை. தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய், குடும்பங்கள் நகரத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகு, கருவிகளில் ஒன்றிரண்டு கூடவே வந்தன. கோயில், மண்டோர், பக்கத்து லயத்துப் பாட்டி என்று பையன்மேல் கண் வைத்திருந்த ஆட்கள் வரவில்லை. பையனை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு, படிக்கட்டடியில் மோட்டார் சைக்கிளோடு நின்ற அண்ணன்மார்கள் பதில் வைத்திருந்தார்கள். 28,000 என்ற எண்ணை இனத்தின் குணமாகப் படித்தவர்கள் இந்த இடப்பெயர்ச்சியைப் படிக்கவில்லை. அதற்காக, சமூகத்தைச் சொல்லி ஒவ்வொரு பையனையும் விடுவித்துவிடவும் நான் தயாரில்லை. அதே அடுக்குமாடியிலிருந்துதான் நீங்களும் வந்திருக்கிறீர்கள்.

தனிமனிதப் பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் குற்றம் செய்தவனைத்தான் நினைக்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, முன்கூட்டியே தெரிந்தவர்களின் பொறுப்பு. 2021 நவம்பர் 30ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப்பள்ளியில் நடந்ததைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். பதினைந்து வயதுப் பையன். நாலு நாள் முன்னால் அப்பா அவனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். அன்று காலை கணக்குத் தாளில் அவன் துப்பாக்கியையும் ரத்தத்தையும் வரைந்து, உதவி கேட்டும் எழுதியிருந்ததை ஆசிரியை பார்த்தார். ஆலோசகர் அழைத்தார். பெற்றோர் வந்தார்கள். வீட்டுக்கு அழைத்துப்போகவில்லை, துப்பாக்கி வாங்கியதைச் சொல்லவுமில்லை. பள்ளியும் பையைத் திறந்து பார்க்கவில்லை. பையன் வகுப்புக்குத் திரும்பினான். மதியத்துக்குப் பிறகு அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024இல் அந்தத் தாயும் தந்தையும் அலட்சியத்தால் உயிர்ச்சேதம் விளைவித்த குற்றத்துக்காகத் தலா பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறைக்குப் போனார்கள். பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல்முறை. அந்த அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. காலையிலிருந்து மதியம் வரை அவகாசமும் இருந்தது.

முன்பு சொன்ன 2002 அமெரிக்க ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஐந்தில் நான்கு சம்பவங்களில் தாக்கப்போகிறான் என்பது வேறு யாராவது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் அநேகமாக நண்பர்கள், கூடப் படிப்பவர்கள், உடன்பிறந்தவர்கள், பெரியவர்கள் அபூர்வம். தாக்கியவர்களில் பத்தில் ஏழு பேர் பகடிவதைக்கோ தொந்தரவுக்கோ ஆளானதாக உணர்ந்தவர்கள். அமெரிக்க ஆய்வு நமக்கு அப்படியே பொருந்தாது என்பது சரிதான். ஆனால் பிள்ளைகள் பெரியவர்களிடம் சொல்லாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அமெரிக்காவின் தனிச்சொத்தா என்ன? பண்டார் உத்தாமாவுக்குப் பிறகு நம் நாட்டில் பேச்சு முழுக்கக் கைத்தொலைபேசிக்கும், பதினாறு வயதுக்குக் கீழ் சமூக ஊடகத் தடைக்கும், பள்ளி வாசலில் பைச் சோதனைக்கும் போய்விட்டது. ஒவ்வொன்றிலும் ஏதோ பயன் இருக்கலாம். பகடிவதையைத் தண்டிக்கத் தண்டனைச் சட்டமும் 2025இல் திருத்தப்பட்டது, நல்லதுதான். பைச் சோதனை கத்தியைக் கண்டுபிடிக்கும், மூன்று வாரமாக எவனோடும் பேசாத பையனைக் கண்டுபிடிக்காது.

இங்கே ஒரு மறுப்பு வரும். நம் குடும்பங்களில் உரக்கச் சொல்லாமல் எல்லாரும் நினைப்பது அது: "வெளிய சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். போலீஸ் வந்தா பையன் வாழ்க்கையே போச்சு." விசாரணையின்றி அடைத்து வைக்கும் சட்டங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்கள் இருக்கும் சமூகத்தில் இந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனால் சொல்வது என்றாலே போலீசிடம்தான் என்று ஆக்கிவைத்தது யார்? கட்டொழுங்கு ஆசிரியரின் ரோத்தானுக்கும் லாக்கப்புக்கும் நடுவில் வேறு எதையும் நாம் கட்டிவைக்காததால் வந்த வினை இது. ஆலோசக ஆசிரியர் இருக்கிறார்; அவர் அறைக்குப் போனால் "பைத்தியம்" என்று பட்டம் சூட்டுகிறோம். அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார், அம்மா ஆயர் குரோ தொழிற்சாலையில் இரவு வேலை. அந்தப் பெற்றோரிடம் போய் மிச்சிகன் தீர்ப்பைக் காட்டி மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார்கள். இங்கே சோற்றுக்கு ஓடுகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

அதனால்தான் இதைப் பெற்றோரிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன். பையன்கள் தங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவனிடம் பேசுவார்கள். இதுவரை அந்த வயதில் அவர்களுக்காக நேரம் ஒதுக்கியவர்கள் பெரும்பாலும் கும்பல்காரர்கள். மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு வரை அங்கே ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும். படிவம் ஒன்றுக்குப் போனதும் ஆயிரம் பேருக்கு நடுவில் அந்தப் பிள்ளை தொலைகிறது. யாருக்கும் அதன் வீடு தெரியாது, அதன் மொழிகூடப் பல ஆசிரியர்களுக்குத் தெரியாது. நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளிக்குப் போய், கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியேறிய மாணவர்களின் பட்டியலைத் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். யார் இப்போது எந்த இடைநிலைப்பள்ளியில் இருக்கிறார்கள், யார் போவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்து, முழுநேர ஆலோசக ஆசிரியர் இருக்கிறாரா, தமிழ் பேசுவாரா என்று மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். ஒரு பையன் யாரையாவது குத்திவிடப் போவதாக வாட்ஸ்அப்பில் எழுதியதை உங்கள் தம்பி காட்டினால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அன்றே அவன் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அவனுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கே சொல்வது என்று புரியாவிட்டால் தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணில் இருபத்து நான்கு மணிநேரமும் ஆள் இருக்கிறார்கள். வாகனம் உள்ளவர்கள், வழக்கறிஞராகப் போகிறவர்கள், கணினி தெரிந்தவர்கள் என்று இந்த மண்டபத்திலேயே எல்லாரும் இருக்கிறீர்கள். மாவட்டத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டால் அலோர் காஜா, ஜாசின், மலாக்கா தெங்கா மூன்றுக்கும் ஆள் போதும். மதியச் சாப்பாட்டின்போதே பெயர்களை எழுதிக்கொள்ளலாம்.